டன் கணக்கு எங்கள் கொழுந்துக்கு விலை சொல்லாது

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். எந்தக் குழுவைத் திறந்தாலும் அதுதான் ஓடுகிறது. முழுவதும் பார்த்துவிட்டேன். மேடையில் நின்று அந்தப் பேச்சாளர் பேசியதையும் பார்த்தேன், முன்வரிசை கைதட்டியதையும் பார்த்தேன். "துறைமுகத்துல சரக்கு வருஷா வருஷம் ஏறுது, ஏற்றுமதி நல்லா போகுது, தேயிலை விவசாயி மட்டும் ஏன் ஒப்பாரி வைக்கிறாங்கன்னு புரியல." இதைத்தான் சொன்னார். கைதட்டியவர்களில் எங்கள் ஹட்டிக்காரர்களும் (எங்கள் மலைக் கிராமத்து ஆட்கள்தான்) இருந்தார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அவர் பெயரை இங்கே இழுக்கப்போவதில்லை. அவருக்குப் புரியவில்லை என்றாரே, அதை மட்டும் புரியவைக்கப் பார்க்கிறேன். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தூத்துக்குடியில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, திரும்பவும் தோட்டத்துக்கே வந்தவள் நான். இலையும் தெரியும், கண்டெய்னரும் தெரியும். அதனால்தான் கோபம் வருகிறது.

சரி, துறைமுகத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இப்போது ஒரு வருஷத்தில் 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாளுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த டன்னுக்குள் என்ன இருக்கிறது? தனிப்பொருளாகப் பார்த்தால் நிலக்கரிதான் அதிகம். அனல்மின் நிலையங்களுக்கு இந்தோனேசியாவிலிருந்து வருவது, ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து கடலோரமாகவே வருவது. அப்புறம் சுண்ணாம்புக்கல், உரம், மரம், காற்றாலை இறக்கை. திருப்பூர் பனியனும் கரூர் ஜவுளியும் கண்டெய்னரில் போகின்றன. இத்தனைக்கும் நடுவில் ஒரு மூலையில் எங்கள் தேயிலை.

ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 2024இல் இந்தியா முழுவதும், அஸ்ஸாம், டார்ஜிலிங், கேரளம், நீலகிரி எல்லாம் சேர்த்து, ஏற்றுமதியான தேயிலை சுமார் 25 கோடி கிலோ. அதாவது இரண்டரை லட்சம் டன். ஒரு பெரிய நிலக்கரிக் கப்பல் எழுபதாயிரம் டன் கொண்டு வரும். நாட்டின் ஒரு வருஷத் தேயிலை ஏற்றுமதி மொத்தமும் நான்கு நிலக்கரிக் கப்பலின் எடை கூட இல்லை. தேயிலை ஏற்றுமதி நாளைக்கே அடியோடு நின்றாலும், நான்கு கப்பல் நிலக்கரி கூடுதலாக வந்தால் போதும், டன் கணக்கு அப்படியே சாதனை காட்டும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டா எங்கள் நிலைமையை அளக்கிறீர்கள்?

இன்னும் ஒன்று. வெளியே போகிற தேயிலையும் சரக்கு, உள்ளே வருகிற தேயிலையும் சரக்கு. 2024இல் மட்டும் வெளிநாட்டுத் தேயிலை 4 கோடி கிலோவுக்கு மேல் இந்தியாவுக்குள் வந்தது. கென்யாவிலிருந்து வந்தது எக்கச்சக்கம். அதற்கு முந்தைய வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். மலிவு விலைத் தேயிலை வந்து இறங்குகிறது, கலக்கப்படுகிறது, அதில் ஒரு பகுதி இந்தியத் தேயிலை என்ற பெயரிலேயே மறுபடி கப்பல் ஏறுகிறது என்று தேயிலை வியாபாரத்தில் இருக்கிறவர்களே வருஷக்கணக்காகப் புகார் சொல்கிறார்கள். இறங்கும்போது ஒரு தடவை டன் ஏறுகிறது, போகும்போது இன்னொரு தடவை ஏறுகிறது. துறைமுகத்துக்கு இரண்டுமே லாபம். குன்னூரில் நடக்கும் தேயிலை ஏலத்தில் எங்கள் தேயிலைத் தூளுக்கு விலை விழுகிறது. டன் கணக்கு எங்கள் கொழுந்துக்கு விலை சொல்லாது ஐயா. இதைத்தான் இந்தப் பதிவு முடியும்வரை சொல்லப்போகிறேன்.

2019 ஆகஸ்ட் மாதம் எனக்கு மறக்காது. அப்போது தூத்துக்குடி அலுவலகத்தில் இருந்தேன். தென்னிந்தியத் தேயிலைக்குப் பாகிஸ்தான் அதுவரை ஒரு முக்கியமான வாடிக்கை. குன்னூர் ஏலத்தில் அவர்களுக்காக வாங்குபவர்கள் இருந்தால் மலிவு ரகத் தூளுக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். கராச்சிக்குப் போகும் தேயிலைக்கு நான் ஆவணம் தயாரித்திருக்கிறேன். அந்த மாதம் பாகிஸ்தான் இந்தியாவோடு வியாபாரத்தை நிறுத்தியது. அதோடு கராச்சி ஆர்டர் என் மேசைக்கு வருவதும் நின்றது. ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். "ஏம்மா, ஹார்பர்ல வேலை நின்னுபோச்சா? இங்க பாக்டரியில விலை குறையும்ங்கறாங்க." ஜன்னலுக்கு வெளியே எப்போதும் போல லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. நிலக்கரி எப்போதும் போல இறங்கிக்கொண்டிருந்தது. "இங்க ஒண்ணும் நிக்கலப்பா, எல்லாம் நல்லா நடக்குது" என்றேன். அப்பாவுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? துறைமுகம் நன்றாக நடக்கும்போதே எங்கள் இலைக்கு விலை விழும் என்பதை அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன். அந்த மேடைக்காரர் ஒரு நாளாவது பார்த்திருந்தால் ஒப்பாரி என்று சொல்ல நாக்கு எழுந்திருக்காது.

அதற்கு முன்னால் எங்கள் தலைமுறைக்கே ஒரு பெரிய அடி விழுந்தது. உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு எங்கள் ஆட்கள் மாறியபோது, நீலகிரித் தூளை மூட்டை மூட்டையாக வாங்கியது சோவியத் யூனியன். 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. கொஞ்ச வருஷம் எப்படியோ தாக்குப்பிடித்தோம். 1998 டிசம்பரில் இலங்கையோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. தேயிலையும் அதில் இருந்தது. அந்தக் காலகட்டத்தில் பச்சைத் தேயிலை, அதாவது செடியிலிருந்து பறித்த இலை, கிலோ நான்கு, ஐந்து ரூபாய்க்கு விழுந்தது. பறிக்கிற கூலி கூடக் கட்டுபடியாகாமல் செடியை அப்படியே விட்டவர்கள் உண்டு. அம்மாவின் வளையல் அந்த நாட்களில் போனதுதான், பிறகு வரவில்லை. அப்போதும் துறைமுகங்கள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. தூத்துக்குடியில் கண்டெய்னர் முனையம் வந்ததே 1999இல்தான்.

கடலில் நடப்பது கொழுந்தின் விலைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். சூயஸ் வழியாகப் போக வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல். கப்பல் வாடகை ஏறும், காப்பீடு ஏறும். தூத்துக்குடியிலிருந்து நம் கண்டெய்னர்களில் பலவும் சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற வேண்டும். ஒன்று தாமதமானால் அடுத்ததும் தவறிவிடும். ரஷ்யாவில் வாங்குகிறவர் கூடுதல் செலவைத் தானே ஏற்றுக்கொள்வாரா? மாட்டார். ஏற்றுமதி செய்கிறவர் என்ன செய்வார்? குன்னூர் ஏலத்தில் குறைத்துக் கேட்பார். ஏலத்தின் சராசரி விலையை வைத்துத்தான் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்கு விலை சொல்கிறது. தூள் விலையில் 65 சதவீதம் விவசாயிக்கு, 35 சதவீதம் பாக்டரிக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ இலை வேண்டும் என்று வைத்தால், ஏலத்தில் பத்து ரூபாய் விழுந்தால் எங்கள் கிலோவில் கிட்டத்தட்ட ஒன்றரை ரூபாய் போகும். உங்களுக்கு அது சில்லறை. ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு அது மளிகைக் கடை பாக்கி.

எக்ஸ்போர்ட்டருக்குக் காப்பீடு இருக்கிறது. கப்பல் கம்பெனி வாடகையை ஏற்றிக்கொள்ளும். துறைமுகத்துக்குக் கட்டணம் வந்துவிடும். பாக்டரி தன் 35ஐ எடுத்துக்கொள்ளும். எல்லோரும் தங்கள் சுமையைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டே வருகிறார்கள். கடைசியில் நிற்பவர் முதுகில் கூடையோடு நிற்கிறார். அவருக்குக் கீழே இறக்கி வைக்க ஆள் இல்லை.

இப்போது பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்.

"உங்க தேயிலை தரம் சரியில்லை, அதான் விலை இல்லை." தெரியும், இதுதான் முதலில் வரும். தரத்தில் பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவில்லை. ரெண்டு இலை ஒரு மொட்டு எடுத்தால் நல்ல தூள் வரும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அது எங்கள் பாட்டிகளுக்கே தெரியும். ஆனால் கையால் பறிக்க ஆள் எங்கே? இருக்கிறவர்களுக்கு நியாயமான கூலி கொடுத்தால் இலை விற்ற காசில் மிஞ்சுவது என்ன? கத்திரி போட்டு வெட்டினால் முற்றிப்போன கரட்டு இலையும் சேர்ந்துதான் வரும். நானே ஒரு சீசன் முழுக்கக் கையால் மட்டும் எடுக்கவைத்து, நல்ல இலையாக, இலை வாங்குகிற ஏஜென்டிடம் கொடுத்துப் பார்த்தேன். அவர் அதை எல்லோருடைய இலையோடும் ஒரே லாரியில் கொட்டினார். பக்கத்துத் தோட்டத்துக் கரட்டு இலைக்கு என்ன விலையோ அதே விலை எனக்கும். நல்ல இலைக்குத் தனி விலை கொடுங்கள், அப்புறம் தரத்தைப் பற்றி என்னிடம் பேசுங்கள். தரம் வேண்டும், ஆனால் அதற்கான காசை மட்டும் விவசாயி போட வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

"நீங்க வளர்ச்சிக்கு எதிரி, துறைமுகத்துக்கு எதிரி." போங்கள். எனக்குச் சோறு போட்ட ஊர் அது. 1906இல் வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய மனிதரின் ஊர்.

"நிலக்கரி வராமல் உங்க வீட்டில் பல்பு எரியுமா?" என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். தம்பி, எங்கள் நீலகிரியின் பைக்காராவில் 1932இலிருந்து தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். அப்புறம் குந்தா நீர்மின் திட்டம் வந்தது. இந்த மலையின் தண்ணீரில் எடுத்த மின்சாரம் கீழே சமவெளிக்குப் போய் ஆலைகளை ஓட்டியது. நாங்கள் அதற்குக் கணக்குக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு ஒப்பாரி என்ற பேச்சுதான் ஆறவே இல்லை. 2023இல் குறைந்தபட்ச விலை கேட்டு எங்கள் ஆட்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கட்சி பேதம் இல்லாமல் ஊர் ஊராக வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர்கள், பெண்கள், மழையில், குளிரில். அதற்கும் ஒப்பாரி என்றுதான் பெயரா? இலங்கைத் தோட்டங்களிலிருந்த தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டு, கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் பறித்த தாய்மார்களிடம் போய் இதே வார்த்தையைச் சொல்வாரா? அவர்களும் இந்த ஏற்றுமதிக் கணக்குக்குள்தானே இருக்கிறார்கள்? அந்த டன்னில் அவர்கள் விரல் ரேகையும் இருக்கிறதே.

எங்கள் ஹட்டியில் இப்போது பாதி வீட்டில் பூட்டு. பையன்கள் கோயம்புத்தூரில், பெங்களூரில், திருப்பூரில். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்துக்கு நடுவே ஒரு வேலி வருகிறது, அதன்பிறகு ஒரு காட்டேஜ் வருகிறது, பெயர்ப்பலகையில் தேயிலைத் தோட்டக் காட்சி என்று போட்டு ஒரு ராத்திரிக்கு வாடகை வாங்குகிறார்கள். அந்த வாடகை எங்கள் வீட்டின் பல மாத இலைக் காசு. செடியைப் பார்க்கக் காசு தருகிறார்கள், செடியை வளர்த்தவருக்குக் கொடுக்க மட்டும் யாரிடமும் இல்லை. இன்னும் சில பேர் "அப்போ வித்துட்டுப் போக வேண்டியதுதானே" என்று எழுதுவீர்கள். அப்படி எழுதுகிறவர் என் அக்கா மகனாக இருந்தாலும் நட்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். என் தாத்தா கொத்திப் போட்ட மண் அது. விற்பதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

அந்தப் பேச்சாளருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீலகிரித் தேயிலை எந்த நாட்டுக்கு எவ்வளவு போனது, கிலோவுக்கு என்ன விலைக்குப் போனது, வெளிநாட்டுத் தேயிலை எவ்வளவு வந்தது, அதே மாதங்களில் எங்களுக்குப் பச்சைத் தேயிலைக்கு என்ன கொடுத்தார்கள், இந்த நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு ஒரு காகிதம் கொண்டுவாருங்கள். தமிழில். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், நான் வருகிறேன், எங்கள் ஊர்ப் பெண்களையும் கூட்டி வருகிறேன்.

நாளைக்கு எங்களுக்கு இலை எடுக்கிற நாள். பின்னூட்டங்களுக்குச் சாயங்காலம் எடை போட்டு வந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.