வியாசர்பாடிப் பையன் வியாசர்பாடித் தமிழில்தான் பாடுவான்

அந்தக் கல்லூரிப் போட்டி வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. எங்கள் வடசென்னை வியாசர்பாடிப் பையன்கள் ராப் பாடி முடித்ததும் நடுவர் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தம்பி, ழ வரலையே, முதல்ல நல்ல தமிழ் பேசக் கத்துக்கிட்டு வாங்க" என்றார். அரங்கமே சிரித்தது.

நடுவர் அப்படிச் சொன்ன அந்தப் பையன் பாடியது எண்ணூரைப் பற்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு வந்து முகத்துவாரம் முழுக்கப் படர்ந்ததே, அதை. அவன் மாமா வலையைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தூக்கிப் போட்டதை அப்படியே பாடினான். நடுவர் காதில் விழுந்தது ழ மட்டும்.

நான் சொல்வது ஒன்றுதான். தான் பேசுகிற பேச்சில் பாடுவதுதான் ராப். 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் போட்ட பார்ட்டியிலிருந்து அது அப்படித்தான் வளர்ந்தது. அங்கே யாரும் இலக்கணம் கேட்கவில்லை. பீட்டுக்குள் வார்த்தை உட்கார வேண்டும். "வந்துகினு கீறான்" இருந்த இடத்தில் "வந்துகொண்டிருக்கிறான்" என்று போட்டுப் பாடிப் பாருங்கள், அடுத்த தாளத்தின் மேல் போய் விழும்.

நெல்லைத் தமிழ் என்றால் இனிமை, கொங்குத் தமிழ் என்றால் மரியாதை என்கிறீர்கள். எங்களுடையதை மட்டும் ஏன் திருத்த வேண்டும்? குடிசையிலிருந்தும் ஹவுசிங் போர்டிலிருந்தும் வருகிறது என்பதால்தானே? சினிமாவில் இந்தப் பேச்சை ரவுடிக்கும் காமெடியனுக்கும் கொடுத்தே பழக்கிவிட்டார்கள். அன்றைக்கு அரங்கம் சிரித்தது அந்தப் பழக்கத்தில்தான்.

"வெளியே போய்ப் பிழைக்க நல்ல தமிழ் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் அதில்தான் படிக்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள். நானும் இதை அதில்தான் எழுதுகிறேன். எங்களுக்கு இரண்டும் தெரியும். பாட்டு மேடை பரீட்சை ஹால் இல்லை.

கெட்ட வார்த்தை, பெண்களைக் கேவலமாகப் பாடுவது என்று அடுத்து வருவீர்கள். சரி, கானாவிலும் ராப்பிலும் அது இருக்கிறது. ஒரு பெண்ணாக நானே இவர்களை முகத்துக்கு நேராகத் திட்டியிருக்கிறேன். ஆனால் சுத்தத் தமிழ் சினிமாப் பாட்டில் அது இல்லையா? அன்றைக்குப் பாடியதில் அப்படி ஒரு சொல்கூட இல்லை.

என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளி. 1996இல் மில்லை மூடியதும் ஹார்பரில் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தார். பட்டம் வாங்கியதும் ஓர் அலுவலகத்துக்கு இன்டர்வியூ போனேன். கேட்ட எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். வெளியே வந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "முட்ச்சிட்டேன்பா, வந்துகினு கீறேன்" என்றேன். உள்ளே என்னிடம் கேள்வி கேட்டவர் பின்னாலேயே நின்றிருந்தார். "ஓ, அந்த ஏரியாவா" என்றார். வேலை வரவில்லை. அதற்கப்புறம் பஸ்ஸில் அப்பா ஃபோன் பண்ணினால்கூட நான் குரலைத் தாழ்த்திப் பேசினேன், பெற்ற அப்பாவிடம். இப்போது இந்தப் பையனுக்கு வயது பதினேழு.

1918இல் அதே மில் தொழிலாளிகள்தான் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இன்றும் சொல்கிறார்கள். அவர்களோடு நின்றவர் திரு.வி.க. அவரைவிடவா இந்த நடுவருக்குத் தமிழ் தெரியும்? பேச்சைத் திருத்திக்கொண்டு சங்கத்துக்கு வா என்று அவர் எங்கள் தாத்தாக்களிடம் சொல்லவில்லை.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது கானாவும் ராப்பும் ஒன்றாக முழங்கின. எங்கள் வீட்டுப் பேச்சுக்கு அத்தனை பேர் கைதட்டினார்கள். இனி இந்தப் பேச்சுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு நம்பினேன்.

அந்தப் பையன் நேற்று வீட்டுக்கு வந்து, "அக்கா, ழ வர்ற மாதிரி மாத்தி எழுதிக் குடுக்கா" என்று கேட்டான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதியது எழுதியபடியே ரெக்கார்ட் பண்ணப் போகிறார்கள். இப்போதைக்கு ஃபோனும் தலைக்கு மேல் ஒரு போர்வையும்தான் ஸ்டூடியோ. யாரிடமாவது பழைய மைக் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.