ஸ்ரீதனம் குடுத்தாச்சு, பங்கு கிடையாது: மேரி ராய் தீர்ப்பு குமரி மாவட்டத்துக்கு என்ன சொல்கிறது

‘பெண்மக்களுக்கு ஸ்ரீதனம் குடுத்தாச்சு, இனி வீட்டுல பங்கு கிடையாது.’ மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் இன்றும் கேட்கிற பேச்சு. ஊர் வழக்கம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு காலத்தில் அச்சடித்த சட்டம். கொல்லம் ஆண்டு 1092-இல் (கி.பி. 1916-17) வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்திருந்தாலோ, தருவதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள் வரை அனுபவம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போச்சு.

கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில், 24.2.1986-இல் உச்ச நீதிமன்றம் இதை முடித்து வைத்தது. ஆனால் எப்படி முடித்தது என்பதைத்தான் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். ‘அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவின்படி ஆண் பெண் சமம் என்று தீர்ப்பு’ என்கிறார்கள். சமத்துவ வாதம் மனுவில் இருந்தது. நீதிபதிகள் பகவதி, பாதக் அமர்வு அதற்குள் போகவே தேவையில்லை என்று விட்டுவிட்டது. அவர்கள் பிடித்த நூல் வேறு. 1.4.1951-இல் ‘பி’ பகுதி மாநிலங்கள் (பழைய சமஸ்தானப் பகுதிகள்) சட்டம் அமலுக்கு வந்தபோது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் நீண்டது. அதற்கு இணையான பழைய உள்ளூர்ச் சட்டம் அன்றே ரத்து. அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியில் நீதிமன்றங்கள் பட்ட பாடு நம் மாவட்டத்துக்கு ரொம்ப நெருக்கமானது. 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் பழைய சட்டங்கள் இங்கே தொடர்ந்தன. பழைய சட்டம் உயிரோடு இருக்கிறது என்று திருவிதாங்கூர்-கொச்சி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1970களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒருவர் ‘அது செத்துப்போன சட்டம்’ என்றார்; பிறகு இரு நீதிபதி அமர்வு ‘இல்லை, இருக்கிறது’ என்றது. சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வழக்கு எந்த வருடம் தீர்ந்தது என்பதைப் பொறுத்துக் குமரி மாவட்டப் பெண்ணின் பங்கு மாறியது.

தீர்ப்பு ‘ரத்து’ என்ற வழியில் போனதால் விளைவு 1951 வரை பின்னோக்கிப் போனது. ‘இன்று முதல்தான்’ என்று நீதிமன்றம் வரம்பு கட்டவில்லை. தீர்ப்புக்கு முன்பே இறுதியாகத் தீர்ந்த வழக்குகள் மட்டும் தீர்ந்தவையே. என் வருத்தம் ஒன்று உண்டு: 14-ஆவது பிரிவைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தால், தனிநபர் சட்டங்களில் பெண்ணுக்கு எதிரான மற்ற விதிகளை எதிர்க்கவும் அது கைகொடுத்திருக்கும். சுலபமான கதவு திறந்திருக்கும்போது நீதிபதிகள் கடினமான கதவைத் தட்டுவதில்லை. அது அவர்கள் பழக்கம்.

சரி, 1925 சட்டப்படி கணக்குக்கு வருவோம். 60 சென்ட், அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். மனைவிக்கு மூன்றில் ஒன்று, 20 சென்ட். மீதி 40 மூன்று பிள்ளைகளுக்கும் சமம், ஆளுக்கு 13.33. அம்மாவும் உயில் இல்லாமல் போனால் அந்த 20-ம் மூன்றாகும். மகள் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவள் பங்கு அவள் பிள்ளைகளுக்கு.

தவறு நடக்கும் இடங்கள். முதலாவது உயில். அப்பா முழுவதையும் மகன்களுக்கு எழுதிவிட்டால் இந்தத் தீர்ப்பு உதவாது. ‘பூர்வீகச் சொத்து, எழுத முடியாது’ என்பது இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துப் பேச்சு. கிறிஸ்தவர்களுக்குப் பிறப்புரிமைப் பங்கு கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தையும் இங்கே கொண்டுவந்து குழப்ப வேண்டாம்.

இரண்டாவது விடுதலைப் பத்திரம். அப்பா உயிருடன் இருக்கும்போது மகள் ‘எனக்குப் பங்கு வேண்டாம்’ என்று எழுதுவது பொதுவாகச் செல்லாது. வரப்போகும் வாரிசு வாய்ப்பைக் கைமாற்ற முடியாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தால் பிறகு மாற்றிப் பேச விடமாட்டோம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ரசீது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்பா இறந்த பிறகு எழுதுவதென்றால் பதிவு கட்டாயம். கல்யாணச் செலவுச் சீட்டு விடுதலைப் பத்திரம் ஆகாது.

தம்பி பெயரில் பட்டா இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பட்டா வைத்து உரிமை தீர்மானமாவதில்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் பெயர்ப் பட்டியல்தான், பங்கு சொல்லாது. கூட்டு உரிமையாளர் ஒருவர் கையில் இருப்பது எல்லோர் கையிலும் இருப்பதாகவே கணக்கு. ஆனால் ‘உனக்கு உரிமையே இல்லை’ என்று வெளிப்படையாக மறுத்து, அதன்பின் 12 வருடம் ஓடிவிட்டால் சிக்கல். மறுப்பு வக்கீல் நோட்டீஸாக வந்தால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கில் ‘கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன்’ என்றால் கோர்ட் கட்டணம் நிலையானது. ‘என்னை வெளியேற்றிவிட்டார்கள்’ என்றால் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்ப. உள்ளதை எழுதுங்கள், வார்த்தையைக் கவனித்து எழுதுங்கள். முதல்நிலைத் தீர்ப்பாணை கையில் வந்ததும் ‘கேஸ் ஜெயிச்சாச்சு’ என்று வீட்டுக்குப் போவோர் அதிகம். அதில் பங்கின் அளவு மட்டுமே இருக்கும். கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை ஆனால்தான் எந்த மூலையில் உங்கள் 13.33 சென்ட் என்று தெரியும். இறுதிநிலையைத் தனி மனுவுக்குக் காத்திராமல் விசாரணை நீதிமன்றமே முன்னெடுக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழித்துறையிலோ பத்மநாபபுரத்திலோ வழக்கு தூங்கினால் வக்கீலிடம் அந்தத் தீர்ப்பைக் கேளுங்கள்.