கை அசைந்தால் அது நடையா?

செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில், கேரளத்துக்குக் காய்கறியும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகள் இரவு முழுவதும் நின்று கிளம்பும் இடத்தில், அப்பா தொடங்கிய புரோட்டாக் கடையை 22 ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். மாலை ஐந்து மணிக்குக் கல்லைச் சூடேற்றினால், இரவு பன்னிரண்டு வரை மாவு மேடையை விட்டு நான் நகர்வது அரிது. காலடி எண்ணும் கருவிகளைப் பற்றி இவ்வளவு கோபத்தோடு எழுதுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்காகவே இதை முதலில் சொல்கிறேன்: நான் சர்க்கரை நோயாளி, நின்றுகொண்டே கையால் வேலை செய்பவன், இந்தக் கருவிகளின் பொய்க் கணக்கை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொண்டவன்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.6 என்று வந்தது. தென்காசியில் நான் பார்க்கும் மருத்துவர், "அண்ணாச்சி, நின்னுக்கிட்டே இருக்கிறதெல்லாம் நடை ஆகாது. தினமும் 7,000 அடியாவது நடங்க, கணக்கு வச்சுக்கிட்டு வாங்க" என்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் உடனே ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினாள். கட்டிய முதல் வாரமே இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அது மணிக்கட்டில் அதிர்ந்து, 10,000 அடியைத் தொட்டுவிட்டதாகத் திரையில் பட்டாசு வெடித்துக் காட்டியது. கடையில் இங்கும் அங்கும் போய் வருவதே இவ்வளவு நடையாகிறது போலும் என்று நான் நினைத்தேன். காலை நடையைச் சுருக்கினேன். சாரல் விழுந்த நாள்களில் போகாமலே இருந்தேன். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை 8.3. மருத்துவர் என் கணக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அவர் என்னைப் பொய்யன் என்று நினைத்திருப்பாரோ என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாள் நானே சோதித்துப் பார்த்தேன். கொத்து புரோட்டாவுக்கு ஆர்டர் வந்தது. கல்லுக்கு முன்னால் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு வாட்சைப் பார்த்தேன்: 4,212. கொத்தும் தகடுகளைக் கையில் எடுத்து, இரண்டு நிமிடம் கொத்தி, சால்னா ஊற்றி, முட்டையை உடைத்து விட்டு, மறுபடி கொத்தி முடித்துவிட்டுப் பார்த்தேன்: 4,458. என் கால் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஒரு தட்டுக் கொத்து புரோட்டாவுக்கு 246 அடி! மாவை வீசும்போதும், சுட்டெடுத்த புரோட்டாக்களை அடுக்கி வைத்து இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கும்போதும் இதே கதைதான். ஒரு மாலைக்குப் பத்துக் கிலோ மைதா என்று வைத்துக்கொண்டால், நான் நடக்காத நடை எத்தனை ஆயிரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதன் காரணம் பெரிய இரகசியமல்ல. வாட்சுக்குள் இருப்பது அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் ஒரு சிறிய சில்லு. அதற்குக் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. சாதாரணமாக நடக்கும் மனிதன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அடி வைக்கிறான்; அவன் கை அந்தத் தாளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் வீசுகிறது; அந்தத் தாளத்தில் மணிக்கட்டு தொடர்ந்து சில தடவை குலுங்கினால் அதை நடை என்று கொள்ளும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். கொத்து புரோட்டா கொத்துகிறவனின் ஒரு கையும் நிமிடத்துக்கு அதே 120 தடவைதான் இறங்குகிறது. அதே நேரத்தில், உண்மையாகவே நடக்கிறவனின் கை ஆடாமல் இருந்தால் அவன் நடையில் பெரும்பகுதி கணக்கில் வராமல் போகலாம். ஆடிச் சாரலில் ஒரு கையில் குடையும் மறு கையில் பால் தூக்குவாளியுமாக வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்தேன். 4,000 அடிக்குக் குறையாது. வாட்ச் காட்டியது 870.

நடந்தால் இல்லை என்கிறது, நின்றால் நடந்தாய் என்கிறது. இப்படி ஒரு தராசைச் சந்தையில் வைத்திருந்தால் எடையளவு அதிகாரி வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

யாருடைய கையை நினைத்து இந்தக் கருவியைச் செய்தார்கள்? வேலையின்போது கை ஓய்ந்திருக்கும், நடக்கும்போது மட்டும் வீசும் என்ற வாழ்க்கை உள்ளவர்களை நினைத்துத்தான். என் கடையில் பரிமாறும் தம்பி இரண்டு கையிலும் தட்டுகளை ஏந்திக்கொண்டு சமையல்கட்டுக்கும் மேசைக்குமாக ஓடுகிறானே, அவன் ஓட்டம் எதில் சேரும்? என் மச்சான் ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் வெட்டுகிறார். விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு 300 மரத்துக்கு மேல் ஒவ்வொன்றாகப் போய், பட்டையைச் சீவி, பால் வடியும் சிரட்டையை நேராக்கி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஐந்தாறு அடி வைக்கிறார். இப்படி விட்டு விட்டு வைக்கும் சில அடிகளைத் தற்செயலான அசைவு என்று தள்ளிவிடும்படிதான் பல வாட்சுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. மலைச்சரிவில் ஏறி இறங்கி மூச்சு வாங்கும் மனிதனுக்கு, "இன்று நீங்கள் போதிய அளவு நடக்கவில்லை" என்று அறிவுரை வேறு சொல்கிறது!

இந்த 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மகளைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியபோது, 1965-இல் யமாசா என்ற நிறுவனம் 'மான்போ-கெய்' என்ற காலடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பத்தாயிரம் அடி அளவி' என்பதே அந்தப் பெயரின் பொருள். அதை இடுப்பில்தான் மாட்டிக்கொண்டார்கள். 2019-இல் அமெரிக்காவில் முதிய பெண்கள் 16,741 பேரை வைத்து வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி வைத்தவர்களைவிட 4,400 அடி வைத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததும், 7,500 அடி அளவுக்கு மேல் அந்தப் பயன் பெரிதாகக் கூடவில்லை என்பதும் தெரியவந்தன. அந்தப் பெண்களும் கருவியை இடுப்பில்தான் கட்டியிருந்தார்கள். எண்ணைத் தந்ததும் இடுப்பு, எண்ணைச் சோதித்ததும் இடுப்பு. விற்பனைக்கு வரும்போது மட்டும் அது மணிக்கட்டுக்கு ஏறிவிட்டது. ஏனென்றால் மணிக்கட்டில்தான் திரை ஒளிரும், அதைத்தான் பத்துப் பேர் பார்ப்பார்கள். இடுப்பில் மாட்டும் சாதாரண எண்ணியைத் தென்காசியில் நான்கு கடைகளில் கேட்டேன். "இப்ப யாரு அண்ணாச்சி அதெல்லாம் வாங்குறா" என்று கேட்டுவிட்டு நான்கு கடையிலும் வாட்சைத்தான் எடுத்து நீட்டினார்கள். கைலி கட்டி, அனலில் நிற்கிறவனுக்குச் சட்டைப்பையில் போனை வைத்துக்கொள்வதும் ஆகாது. என் போன் கல்லாவில் இருக்கிறது. பணம் வந்ததா என்று அதில்தான் பார்க்க வேண்டும்.

அப்படியிருக்கும்போதுதான் மார்புப் பட்டையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேரளத்துப் புனலூரிலிருந்து மலையேறி சைக்கிளில் வரும் ஒருவர், பனியனுக்குள் அதைக் கட்டியிருந்தார். இதயம் துடிக்கும்போது எழும் மின்சாரத்தைத் தோலிலிருந்து நேரே வாங்குகிற கருவி அது. சில பட்டைகளில் அசைவை அளக்கும் சில்லும் உண்டு, ஓடும்போது காலடியையும் எண்ணும் என்றார். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. கை என்ன செய்தாலும் கால் ஊன்றும்போது மார்பு எழுந்து தாழத்தானே வேண்டும்! அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுப்பு விட்டுவிட்டுப் புனலூர் போய் ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி வந்தேன்.

கருவி நல்ல கருவி. அதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன் ஆவேன். பட்டையின் உட்புறத்தில் உள்ள கறுப்பு ரப்பர்த் துண்டுகளைத் தண்ணீரில் நனைத்து, மார்புக்குக் கீழே சுற்றி, சில்லு இருக்கும் வில்லையைப் பட்டையின் இரண்டு பொத்தானிலும் 'டிக்' என்று அழுத்தினால் வேலை தொடங்கிவிடுகிறது. கடை வாசலிலிருந்து சாலையோரமாக வாய்விட்டு எண்ணி 200 அடி நடந்தேன், 198 காட்டியது. பிறகு கல்லுக்கு முன்னால் நின்று இரண்டு நிமிடம் கொத்தினேன்; ஏழு அடிதான் கூடியது. அந்த எண்ணைப் பார்த்தபோது என் கண் கலங்கியது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வேர்வையில் பட்டை ஊறுகிறது, உப்புப் படிகிறது, தினமும் அலசிக் காயப்போட வேண்டும், விலாவில் சிவந்த தடம் விழுகிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். அனல் கல்லுக்கு முன் 22 ஆண்டு நின்ற உடம்பு இது.

என்னால் பொறுக்க முடியாதது, போனில் திறக்க வேண்டிய அதன் செயலி. செயலியில் 'ஓட்டம்' என்பதை அழுத்தித் தொடங்கினால் மட்டுமே பட்டை காலடியை எண்ணுகிறது. எண்ணியதையும் அந்த ஓட்டத்தின் கணக்கில் எழுதி வைக்குமே தவிர, நாள் கணக்கில் சேர்ப்பதில்லை. காலையில் 5,000 அடி நடந்து வந்து திறந்தால், அன்றைய நாளின் பக்கத்தில் '0 அடி' என்று நிற்கிறது. அதன் கீழே "உங்கள் கடிகாரத்தை இணைக்கவும்" என்று ஒரு பெட்டி. கடிகாரம் கட்ட முடியாததால்தானே ஐயா பட்டையைக் கட்டியிருக்கிறேன்! வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் முதல் கேள்வி, எங்கள் நிறுவன வாட்ச் வைத்திருக்கிறீர்களா என்பதுதான். இல்லை என்றதும் அவர்களுக்கு என்னிடம் பேச ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. வாங்கிய கடைக்கே திரும்பப் போனேன். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான், "வாச்சு இல்லே சேட்டா?" என்று. திருநெல்வேலியில் உள்ள சேவை மையத்திலோ, பில் கேரளத்தில் போட்டது, அங்கேயே கொண்டு போங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். எல்லையில் பிழைக்கிறவனுக்கு இந்த வசனம் புதிதல்ல. ஆனாலும் ஒரு வாரத்தில் இரண்டு பக்கமும் கேட்டபோது வயிறு எரிந்தது.

முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை. வாட்சைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்துக் காலடிகளைத் தன் நினைவகத்தில் சேர்த்து வைத்து, பிறகு நாள் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மார்புப் பட்டைகள் சந்தையில் இருக்கின்றன. ஆக, அசைவை அளக்கும் சில்லு உண்டு, சேமிக்க இடம் உண்டு, காசு அளவுள்ள ஒரு பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் திறனும் உண்டு. வாட்ச் இல்லாதவன் ஒருவன் இருப்பான், அவனுக்கும் ஒரு நாள் உண்டு, அந்த நாளில் அவன் நடப்பான் என்ற நினைப்புத்தான் இல்லை. நான் வாங்கிய பட்டையைச் செய்தவர்கள் செயலியில் ஒரே ஒரு பொத்தானை வைத்திருந்தால் போதும்: 'தோலில் பட்டதிலிருந்து கழற்றும் வரை எண்ணு.' அதை வைக்காமல் விட்டதற்கு, வாட்சையும் சேர்த்து விற்கும் ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும், "பேசாம வாட்ச்ச கால்ல கட்டிருங்க அண்ணாச்சி" என்கிறார்கள். கட்டினேன். எண்ணெயும் தண்ணீரும் சிந்திய தரையில் கைலி தடுக்கி, கொதிக்கும் கல்லின் மேல் விழப் பார்த்தேன். ஏழு மணிநேரம் நெருப்போடு நிற்கிறவனுக்கு இப்படி யோசனை சொல்லாதீர்கள். நான் சலுகை கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய கருவி, அதற்குத் தெரிந்த வேலையை, என் நாள் முழுவதும் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

இப்போதைக்கு, காலையில் கிளம்பும்போது 'ஓட்டம்' என்று அழுத்தி, புளியரை வயல்களை ஒட்டி நடந்துவிட்டு, திரும்பி வந்து நிறுத்தி, அந்த எண்ணைக் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளில் பேனாவால் எழுதுகிறேன். மதியம் சந்தைக்குப் போய் வந்தால் அதையும் கீழே எழுதிக் கூட்டுகிறேன். கிழித்த தாள்களை எறியாமல் நூல் கோத்துக் கட்டி வைத்திருக்கிறேன். நேற்றோடு 61 தாள். வரும் திங்கட்கிழமை இரத்தம் எடுக்க வேண்டும். அந்தக் கட்டைத்தான் மருத்துவர் மேசையில் வைக்கப்போகிறேன்.