மூன்றில் ஒரு பங்கு இப்போது செல்லாது

ஒரு கட்சியின் எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்துபோனால் பதவி பறிபோகாது என்ற தகவல் பலரால் பகிரப்படுகிறது. ஒருகாலத்தில் அது சரிதான். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அந்த வழியைத் திறந்தே வைத்திருந்தது. அதில் கும்பலாக வெளியேறியவர்களும் உண்டு. ஆனால் 2003ஆம் ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட 91ஆவது திருத்தம் அந்த விதியை நீக்கிவிட்டது.

இப்போது எஞ்சியிருப்பது, ஒரு கட்சி இன்னொரு கட்சியுடன் சேர்ந்துவிடும் 'இணைப்பு' என்ற விதிவிலக்கு மட்டுமே. அதற்கு அந்தக் கட்சியின் எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் இரண்டு பங்கினராவது உடன்பட வேண்டும். 2019 ஜூலையில் கோவாவில் காங்கிரசின் 15 பேரில் 10 பேர் பா.ஜ.க.வுக்குச் சென்றது நினைவிருக்கலாம். சரியாக மூன்றில் இரண்டு! ஒருவர் குறைந்திருந்தாலும் கணக்கு உதைத்திருக்கும். அவர்கள் பதவியில் நீடித்தார்கள்; தகுதிநீக்கம் கோரிய மனுக்களைப் பேரவைத் தலைவர் தள்ளுபடி செய்தார். அது நியாயமா என்பது வேறு விவாதம், அதற்குள் நான் போகவில்லை.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஒன்றிய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் அரசமைப்புச் சட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. கடைசிப் பக்கங்களில், கட்சித் தாவல் தடை விதிகள் உள்ள பத்தாவது அட்டவணையைப் பாருங்கள். இரண்டாம் பத்திக்குப் பிறகு மூன்றாம் பத்தி இருக்காது. அது நீக்கப்பட்டதைச் சொல்லும் அடிக்குறிப்புதான் இருக்கும். அடுத்துள்ள நான்காம் பத்தியில் மூன்றில் இரண்டு என்ற அளவு தெளிவாகவே எழுதப்பட்டுள்ளது.