.45-70-இல் ஏதாவது ஒரு குண்டு போட்டால் எல்க்குக்குப் போதாது

.45-70 என்பது பழைய அமெரிக்க ரைஃபிள் தோட்டா வகை; எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான் இனம். "குழாய் பெரிசு, அதனால் .45-70-இல் 300 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி உள்ள குண்டு, போட்டாலே எல்க் விழும், வேகம்தான் முக்கியம்" என்று சிலர் சொல்வது தவறான வழிகாட்டல்.

அந்த 300 கிரெய்ன் குண்டுகளில் பெரும்பாலானவை சிறிய மான்களுக்கானவை, ஈயத்தை மூடிய உலோக உறை மெல்லியது. கிட்டத்தில் இருந்து முழு வேகத்தில் எல்க்கின் தோள் எலும்பில் பட்டால் சீக்கிரமே விரிந்து சிதறும், நுரையீரல் வரை போகாமல் நின்றுவிடலாம். அடிபட்ட விலங்கு ஓடி எங்கோ கிடந்து சாகும். அதைத்தான் தவிர்க்க வேண்டும். 350 கிரெய்னுக்கு மேல், உறையும் ஈயமும் பிணைந்த குண்டு எடுங்கள். அல்லது 400 கிரெய்னை ஒட்டிய, மூக்கு அகலமான கடின வார்ப்பு ஈயக்குண்டு. வார்ப்புக்குண்டு விரியாது, ஆனால் நேராக ஊடுருவி மறுபக்கம் வெளியேறும். ரத்தத் தடம் கிடைக்கும்.

தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினில் கூர்முனைக் குண்டு வேண்டவே வேண்டாம். பின்னால் உள்ள முனை முன் தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) அழுந்தி நிற்கும். உதைப்பில் உள்ளேயே வெடிக்கலாம். தட்டை முனையோ, ஹார்னடி நிறுவனத்தின் எஃப்டிஎக்ஸ் போன்ற, நெகிழும் முனை உள்ள குண்டோதான் சரி. எஃப்டிஎக்ஸ் குண்டை வைத்துத் தோட்டாவை நீங்களே நிரப்பினால் கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) 2.105 அங்குலத்திலிருந்து 2.040-க்கு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தோட்டா நீண்டு லீவர் ரைஃபிளில் சிக்கும்.

தூரமும் கணக்கில் வரணும். வழக்கமான 405 கிரெய்ன் தோட்டாவுக்கு 100 கஜத்தில் குறியைச் சரிசெய்தால் 200-இல் சுமார் 2 அடி இறங்கும். மார்லின் 1895 லீவர் ரைஃபிளுக்கான அதிக அழுத்தத் தோட்டாக்களைப் பழைய ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளில் போடவே கூடாது.