மூன்று நிமிடத்துக்குள் அடங்காதவர்கள்

ஸ்விங் காலத்து (1930, 40களின் நடனக் குழுக்கள் வாசித்த) ஜாஸ் கேட்க ஆசைப்படுகிறேன், எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் போதும், எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள். இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் ‘கோ-கோ’, கவுண்ட் பேஸியின் ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’, கோல்மன் ஹாக்கின்ஸின் ‘பாடி அண்ட் சோல்’. எல்லாமே ஸ்டுடியோ பதிவுகள். பட்டியலில் குறையில்லை, அதோடு நிறுத்திக்கொள்வதில்தான் எனக்குச் சண்டை. இசைத்தட்டு நிறுவனங்களின் கண்ணில் படாமல், யாரோ ரசிகர்கள் தங்கள் ஆசைக்குப் பதிந்து வைத்தவற்றைக் கேட்காதவர், அந்தக் கலைஞர்களைப் பாதிதான் கேட்டிருக்கிறார் என்பேன்.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்துப் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் கொள்ளும். அந்தக் கட்டுப்பாடுதான் கலையைச் செதுக்கியது என்று புகழ்வது வழக்கம். எலிங்டனைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். 1940 மார்ச் 6 அன்று சிகாகோவில் பதிவான ‘கோ-கோ’வில் ஒரு நொடியைக்கூட எடுத்துவிட முடியாது. முழு இசைக்குழுவும் முழங்கிச் சட்டென்று நிற்கும் இடைவெளிகளில் ஜிம்மி பிளாண்டனின் டபுள் பேஸ் மட்டும் பேசுகிறதே, அது மூன்று நிமிடக் கணக்கை முன்கூட்டியே மனத்தில் போட்டு எழுதிய ஒருவரின் வேலை.

ஆனால் எழுதுகிறவருக்கு உதவும் கட்டுப்பாடு, அந்தக் கணத்தில் கற்பனை செய்து வாசிக்கிறவரின் கழுத்தை நெரிக்கிறது. சார்லி கிறிஸ்டியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 ஆகஸ்டில் கிளாரினெட் கலைஞரும் குழுத் தலைவருமான பென்னி குட்மேனிடம் சேர்ந்து, மின்சார கிட்டாரைச் சாக்ஸபோனுக்குச் சமமாக முன்வரிசையில் நிறுத்தியவர். குட்மேனின் ஆறு பேர் குழுவான செக்ஸ்டெட்டின் தட்டுகளில் அவர் தனியாக வாசிக்கக் கிடைப்பது பாட்டின் மெட்டு ஒருமுறை ஓடி முடியும் நேரம், அதாவது ஒரு சுற்று, பல சமயம் அதுவும் இல்லை. சூடு பிடிக்கும் நேரத்தில் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

1941 மே மாதத்தில் ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர், கையோடு தூக்கிச் செல்லக்கூடிய தட்டுப் பதிவுக் கருவி ஒன்றை நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த மிண்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற ஜாஸ் விடுதிக்குக் கொண்டுபோனார். ‘டாப்ஸி’ என்ற பாட்டின் மேல் கிறிஸ்டியன் வாசிப்பதை அவர் பதிந்தபோது, ஊசி இறங்கியதே வாசிப்பின் நடுவில்தான். பாட்டின் தொடக்க மெட்டு இல்லை. அதனால் என்ன? சுற்றுக்கு மேல் சுற்றாகப் போகிறார் மனிதர். ஒரே சிறு பிடியை நாலைந்து முறை திருப்பித் திருப்பி அடித்து நம்மைக் காக்க வைத்து, திடீரென நீண்ட வரி ஒன்றை அவிழ்த்துவிடுகிறார். பின்னால் கென்னி கிளார்க் எதிர்பாராத இடங்களில் டிரம்ஸில் இடி இறக்குகிறார். அடுத்த ஆண்டு மார்ச்சில் காசநோய் கிறிஸ்டியனைக் கொண்டுபோனபோது வயது 25. நியூமன் அந்தக் கருவியைத் தூக்கிச் சென்றிருக்காவிட்டால், இவர் இவ்வளவு தூரம் போகக்கூடியவர் என்பதற்கு நம்மிடம் என்ன சாட்சி இருந்திருக்கும்?

ஸ்டுடியோவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. 1941 மார்ச்சில் குட்மேன் வந்துசேராத இடைவேளையில் குழுவினர் சும்மா வாசித்துக்கொண்டிருந்ததைப் பொறியாளர்கள் பதிந்துவிட்டார்கள். பிற்பாடு அதற்கு ‘வெயிட்டிங் ஃபார் பென்னி’ என்று பெயர் வைத்தார்கள். முதலாளி வருவதற்குள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்கள்!

எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானது ஃபார்கோ பதிவு. 1940 நவம்பர் 7, வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் கிரிஸ்டல் பால்ரூம் என்ற நடனக் கூடம், வாசித்தது எலிங்டனின் குழு. எலிங்டன் மேல் பித்துப் பிடித்த ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள், வணிகத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று அனுமதி வாங்கிக்கொண்டு அந்த இரவைப் பதிந்தார்கள். கூட்டம் வந்தது நடனமாட. குழுவின் டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸ் குட்மேனிடம் போய்விட்டதால் அவர் இடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தவர் ரே நான்ஸ். புதியவரை வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு குளிர் ஊரில், சாதாரண வியாழக்கிழமை இரவில் இவர்கள் இப்படி வாசித்தார்கள் என்றால், பதிவாகாமல் காற்றோடு போன இரவுகளை நினைத்து வயிறு எரிகிறது. சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர் வாசித்த ‘ஸ்டார்டஸ்ட்’ ஒன்றுக்காகவே அந்த இரண்டு பேருக்கும் சிலை வைக்கலாம்.

பிளாண்டனின் கதையும் கிறிஸ்டியனின் கதைதான். அதே காசநோய். 1942 ஜூலை 30 அன்று இறந்தபோது 23 வயது. இரண்டே நாளில், ஆகஸ்ட் 1 முதல், அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத் தலைவர் பெட்ரில்லோ அறிவித்த ஒலிப்பதிவுத் தடை தொடங்கியது: சங்கத்தினர் தட்டு நிறுவனங்களுக்கு வாசிக்கக் கூடாது. (அதற்கு முன்பே போர்க்காலக் கட்டுப்பாட்டால் தட்டு செய்யும் அரக்குக்குத் தட்டுப்பாடு. அந்த அரக்கில் பெரும்பகுதி போனது நம் நாட்டிலிருந்துதான்.) எலிங்டன் பதிந்துவந்த விக்டர் நிறுவனம் 1944 நவம்பரில்தான் சங்கத்தோடு சமரசத்துக்கு வந்தது. இடையில், 1943 ஜனவரியில், முக்கால் மணி நேரம் நீளும் ‘பிளாக், பிரவுன் அண்ட் பேஜ்’ இசைப்படைப்பை எலிங்டன் கார்னகி ஹாலில் அரங்கேற்றினார். விமர்சகர்கள் பலர் கடித்துக் குதறினார்கள். விக்டருக்காகப் பிறகு அவர் பதிந்தது சில பகுதிகளை மட்டுமே. அரங்கேற்றத்தின் தனிப்பட்ட பதிவு ஒன்று தப்பிப் பிழைத்து 1977இல் வெளியானது. அதற்குள் எலிங்டன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

கரகரப்பு அதிகமாக இருக்கிறதே என்று சொல்லி இவற்றை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பதிவுகளைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இரைச்சலோடு சேர்த்து டிரம்ஸின் தட்டொலியையும் உரித்தெடுத்துவிட்ட பதிப்புகள் நிறைய உலவுகின்றன. அவற்றைவிடக் கரகரப்பே மேல். சில நிமிடங்களில் காது பழகிவிடும்.

ஃபார்கோவில் முதலில் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ கேளுங்கள். ஐவி ஆண்டர்சன் பாடுகிறார், வெப்ஸ்டர் அவசரமே இல்லாமல் வாசிக்கிறார், டிரிக்கி சாம் நான்டன் டிராம்போனின் வாயை மூடித் திறந்து மனிதக் குரலில் வம்பளக்கிறார். கேட்டுவிட்டு, ஸ்டுடியோப் பட்டியலே போதும் என்று தோன்றுகிறவர்கள் கருத்துப் பெட்டிக்கு வரலாம், நான் அங்கேதான் இருப்பேன்.