பெட்ரா பிராங்காவை மறந்துவிட்டோமா?

நாடுகளுக்கு இடையிலான தகராறு பேசித் தீராது, பலம்தான் தீர்க்கும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையில், பெட்ரா பிராங்கா என்ற சின்னத் தீவு யாருக்குச் சொந்தம் என்ற தகராறு தீர்ந்ததே! 1979இல் மலேசியா தன் வரைபடத்தில் அதைச் சேர்த்ததும் பிரச்சினை தொடங்கியது. பல வருடம் பேசியும் முடியவில்லை. சரி என்று 2003இல் இரண்டு நாடுகளும் சேர்ந்தே அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போக ஒப்புக்கொண்டன. 2008இல் தீர்ப்பு: பெட்ரா பிராங்கா நமக்கு, அதாவது சிங்கப்பூருக்கு; பக்கத்தில் உள்ள மிடில் ராக்ஸ் என்ற பாறைகள் மலேசியாவுக்கு. அப்புறம் 2017இல் மலேசியா தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கேட்டது, அடுத்த ஆண்டே அந்தக் கோரிக்கையை மீட்டுக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவில் இரண்டு நாடுகளையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தில் வழக்கமான நெரிசல்தான். நானும் மளிகை வாங்கப் போய் வந்துகொண்டுதான் இருந்தேன்.

மெதுவான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பு எப்படி வந்தாலும் ஏற்போம் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டார்களே, அதுதான் பெரிய விஷயம். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் செருப்பு அலமாரிச் சண்டைக்கே அந்த மனசு யாருக்கும் வரவில்லை!